நூற்றுக்கு அறுபது

ஜப்பான் ஆட்சிக் காலத்தின் இரண்டாவது ஆண்டில் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்த உத்தரவில் ஒரே ஓர் எண்தான் இருந்தது: 0.6. பிள்ளைகளின் மாத வருகை இதற்குக் கீழே போனால் பள்ளியை மூடிவிட்டுக் கட்டடத்தை ராணுவக் கிடங்குக்குக் கொடுத்துவிட வேண்டும். ஒரு மாதம் அவகாசம். மாதக் கடைசியில் அதிகாரி நேரில் வந்து பார்ப்பார்.

சிராங்கூன் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் பள்ளிக்கூடம் இருந்தது. முன்பு மாட்டுத் தீவனம் அடுக்கியிருந்த நீளமான கூடம். நடுவில் தட்டி வைத்து இரண்டாகப் பிரித்திருந்தோம். ஒரு பக்கம் தலைமையாசிரியர், மறுபக்கம் நான். எங்களைத் தவிர வேறு ஆசிரியர் இல்லை. எனக்கு அப்போது இருபத்தொரு வயது.

கடிகாரங்களெல்லாம் தோக்கியோ நேரத்துக்குத் திருப்பப்பட்டிருந்ததால் பள்ளி தொடங்கும்போது வெளியே இன்னும் இருட்டாகவே இருக்கும். முதலில் ஜப்பான் சக்கரவர்த்தி இருக்கும் வடகிழக்கைப் பார்த்துக் குனிந்து வணக்கம். பிறகு ஜப்பானியப் பாட்டு. பிறகு பின்புறத்துக் கீரைப் பாத்திகளில் வேலை. மிச்சமிருந்த நேரத்தில் தமிழும் கணக்கும் சொல்லிக்கொடுத்தோம். பிள்ளைகள் இவற்றில் எதற்காகவும் வரவில்லை. நண்பகல் கஞ்சிக்காக வந்தார்கள். பதிவேட்டில் பெயர் உள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் கல்வி அலுவலகம் கொஞ்சம் அரிசி கொடுத்தது. அதோடு மரவள்ளிக் கிழங்கைச் சேர்த்துக் காய்ச்சி ஊற்றினோம். பல பிள்ளைகளுக்கு அன்றைக்கு அரிசி கண்ணில் படுவது அந்த ஒரு வேளைதான். பள்ளிக்கூடம் மூடினால் கஞ்சி நின்றுவிடும். எங்களுக்கு வந்த உத்தரவின் பொருள் அவ்வளவுதான்.

தலைமையாசிரியர் யாழ்ப்பாணத்துக்காரர். போருக்கு முன் துறைமுகத்தில் ஒரு வெள்ளைக்கார அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர். அலுவலகமும் வெள்ளைக்காரர்களும் ஒரே வாரத்தில் இல்லாமல் போனபிறகு பள்ளிக்கூடத்துக்கு வந்தார். சட்டைக் காலர் நைந்து போயிருந்தாலும் கழுத்துப் பொத்தானைப் போடாமல் வெளியே வரமாட்டார். எந்தச் சராசரியையும் புள்ளிக்குப் பின்னால் இரண்டு இடம் வரை எழுதுவது அவருடைய பழைய வேலையின் பழக்கம்.

உத்தரவு வந்த மறுநாள் பள்ளிக் குழு கூடியது. குழு என்றால் மூன்று கடைக்காரர்கள். அவர்களில் தலைவர் ஒரு துணிக்கடை முதலாளி. கடையில் அப்போது துணி இல்லை, பலகையில் பெயர் மட்டும் இருந்தது. தலைமையாசிரியர் நின்றுகொண்டு போன மாதக் கணக்கை வாசித்தார். பதிவேட்டில் எண்பது பிள்ளைகள். நாள்தோறும் சராசரியாக வந்தது நாற்பத்து நாலு பேர். வகுத்தால் 0.55.

துணிக்கடைக்காரர் உத்தரவை வாங்கி ஒருமுறை பார்த்தார். பிறகு பதிவேட்டைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

“அவன் கேக்கறது புள்ளி ஆறு. நம்மகிட்ட இருக்கறது புள்ளி அம்பத்தஞ்சு. பெறகு என்னய்யா பயம்? ஒம்போது மடங்கு இருக்கே!”

மற்ற இருவரும் நிம்மதியாக மூச்சுவிட்டார்கள். ஒருவர், “வேணும்னா பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொஞ்சம் கடன் குடுக்கலாம் போலருக்கே” என்றார். சிரிப்பு எழுந்தது. தலைமையாசிரியர் மட்டும் சிரிக்கவில்லை. ஆனால் முதலாளிமாரை மறுத்துப் பேசியும் அவருக்குப் பழக்கமில்லை.

அது முட்டாள்தனமான பிழை அல்ல. அந்த மனிதர்கள் ஆயுள் முழுதும் புள்ளியைப் பார்த்தது விலைச் சீட்டில். விலைச் சீட்டில் புள்ளிக்குப் பின்னால் நிற்பது காசு. அறுபது காசை எந்தக் கடைக்காரரும் இரண்டு இலக்கமாகத்தான் எழுதுவார். ஆறு மட்டும் தனியாக நின்றால் அது ஆறு காசு. உத்தரவை எழுதிய ஜப்பானியர்களோ பத்தில் எத்தனை என்று கணக்குப் பார்க்கிறவர்கள். பத்தில் ஆறு என்று அவர்கள் சொன்னதை மொழிபெயர்த்தவர் 0.6 என்று எழுதிவிட்டார்.

நான் எழுந்து கரும்பலகைக்குப் போனேன்.

“ரெண்டையும் நூத்துக்கு எவ்வளவுன்னு மாத்திப் பாத்துடலாம். புள்ளியை ரெண்டு எடம் வலது பக்கம் தள்ளணும். 0.55 அம்பத்தஞ்சு ஆகுது. 0.6ல ரெண்டாவது எடம் காலியா இருக்கு. அங்க ஒரு சைபர் போட்டுக்கணும். அறுபது.”

இரண்டு எண்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, பக்கத்தில் சதவீதக் குறி போட்டேன்.

துணிக்கடைக்காரர் கண்ணைச் சுருக்கினார். “அந்த சைபரை எங்கேருந்து கொண்டாந்தீங்க டீச்சரம்மா?”

“அது ஏற்கெனவே அங்கதான் இருக்குங்க. எழுதாம விட்டிருக்காங்க.”

“எழுதாம விட்டதெல்லாம் சேர்த்து நம்ம தலையில கட்டுனா எப்படி?”

“ஒரு வெள்ளியோட நூறு காசைப் பத்துப் பங்கு போட்டு ஆறு பங்கு எடுத்தா எவ்வளவுங்க?”

“அறுபது காசு” என்றார் உடனே. சொன்னபிறகு பலகையைப் பார்த்தார். மற்ற இருவரும் அவரைப் பார்த்தார்கள்.

“போச்சுடா” என்றார். “அஞ்சு கொறையுது.”

கடன் கொடுக்கப் பார்த்தவர், “அப்ப நாமதான் பக்கத்துப் பள்ளிக்கூடத்துல கேக்கணும்” என்றார். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

மறுநாள் காலை தலைமையாசிரியர் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். சிவப்பு மையில் ஏழு பெயர்களுக்கு எதிரே சின்னப் புள்ளி வைத்திருந்தார்.

“பிள்ளை, இந்த ஏழு பேரையும் வெட்டினால் போதும். எண்பது எழுபத்து மூண்டாகும். நாப்பத்து நாலை எழுபத்து மூண்டால பிரிச்சுப் பாரும்.”

பார்த்தேன். 0.60 வந்தது. புள்ளியைத் தள்ளினால் அறுபது. ஒரு பிள்ளைகூடக் கூடுதலாக வர வேண்டாம், ஒரு கரண்டி கஞ்சி கூடுதலாக ஊற்ற வேண்டாம். எண் தானாக ஏறிவிடும்.

பிற்காலத்தில் பத்திரிகை அலுவலகத்தில் செய்திகளைத் திருத்தும் வேலைக்குப் போனேன். அங்கே சதவீதத்தோடு வரும் ஒவ்வொரு செய்தியின் ஓரத்திலும் ‘எத்தனையில்?’ என்று எழுதித் திருப்பி அனுப்புவேன். நிருபர்களுக்கு என்மேல் எரிச்சல். தொண்ணூறு சதவீதம் என்ற எண் ஒழுங்காக உடுத்திக்கொண்டு வாசலில் வந்து நிற்கும். அதன் கீழே யாரை வைத்திருக்கிறார்கள், யாரை வெளியே தள்ளியிருக்கிறார்கள் என்பதை அது சொல்லாது. தசமமும் சொல்லாது. கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அன்று நான் கேட்டது வேறு. “வெட்டுனா இந்தப் பிள்ளைங்களுக்குக் கஞ்சி இல்லையே சார்?”

“இப்பவும் வரேல்லைத்தானே? வராத பிள்ளைக்கு என்ன கஞ்சி?”

“வராம இல்ல சார். அஞ்சு பேர் நாள்விட்டு நாள் வர்றாங்க. வர்ற அன்னிக்குச் சாப்பிடறாங்க.”

“அரை வயித்துக்கு அஞ்சு பேர் சாப்பிடுறதுக்காக எல்லாரின்ரை வயித்தையும் காயப்போடச் சொல்லுறீரோ?”

அது நியாயமான கேள்வி. எனக்கு அப்போது விடை தெரியவில்லை. தெரியாது என்பதற்காக ஒப்புக்கொள்ளவும் முடியவில்லை. அவர் புள்ளி வைத்த ஏழு பேரில் இரண்டு பேர் இறந்துபோனவர்கள். ஒருவன் மலேரியாவில், ஒருத்தி சத்துக் குறைவால் வந்த கால் வீக்கத்தில். அந்த இரண்டு பெயர்களையும் பேனாவை வாங்கி நானே அடித்தேன். செத்தவர்கள் பெயரில் அரிசி வாங்குவது அன்றைக்கு ஊரெங்கும் நடந்தது. வாங்கியவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் இல்லாதவர் வேறு, வராதவர் வேறு. பதிவேட்டில் மிஞ்சியது எழுபத்தெட்டுப் பேர். நாற்பத்து நாலை எழுபத்தெட்டால் வகுத்தால் 0.56. நூற்றுக்கு ஐம்பத்தாறு.

“மிச்ச அஞ்சு பேர்?” என்றார்.

“அவங்க உசிரோட இருக்காங்க சார்.”

“அப்ப நான் வெட்டுறன்.”

“வெட்டுங்க. பதிவேட்டுல ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும். நான் போட மாட்டேன்.”

அவர் பேனாவை மூடினார். கோபமா பயமா என்று தெரியவில்லை. “நீர் நெருப்போட விளையாடுறீர், பிள்ளை” என்று மட்டும் சொன்னார்.

அன்று பிற்பகல் அந்த ஐந்து பேரின் வீடுகளுக்குப் புறப்பட்டேன். முதல் வீடு எருமைச் சந்தைப் பக்கம், ஒரு கடைவீட்டின் மாடியில் சாக்குத் திரை கட்டித் தடுத்த அறை. அந்த வீட்டில் இரண்டு பெண்கள், இருவரும் எங்கள் மாணவிகள். பத்து வயது, எட்டு வயது. சின்னவள் பச்சைக் கவுன் போட்டுக்கொண்டு பள்ளியிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்தாள். பெரியவள் மூலையில் கோணிப்பையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“ஏம்மா இன்னிக்கு வரல?”

“இன்னிக்கு அவ நாளு டீச்சர்” என்றாள். “என் நாளு நாளைக்கு.”

முந்தின நாள் அந்தப் பச்சைக் கவுனைப் பெரியவளின் மேல் பார்த்தது அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. சின்னவளுக்கு அது முழங்காலுக்குக் கீழே தொங்கியது, பெரியவளுக்கு முழங்காலுக்கு மேலே நின்றது. துணி வாங்கி இரண்டு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது எல்லோருக்கும்.

அம்மா தேக்கா மார்க்கெட்டில் காய்கறிக் கழிவு பொறுக்கி விற்பவள். ஜன்னல் திரையைப் புடவைபோலச் சுற்றியிருந்தாள். நான் கேட்பதற்கு முன்பே அவள் தொடங்கிவிட்டாள்.

“பிள்ளைய அனுப்பலன்னு சண்டை போட வந்தீங்களா? ஒரு கவுனு குடுங்க, ரெண்டையும் அனுப்பறேன். இல்ல, சாக்கக் கட்டி அனுப்பவா? காலைல குனிஞ்சு கும்புடு போடும்போது சாக்கு அவுந்து விழும். ஜப்பான்காரன் சக்கரவர்த்திக்கு அந்த மரியாதை போதும்னா சொல்லுங்க, நாளைக்கே அனுப்பறேன்.”

“சண்டை போட வரல. எத்தனை வீட்டுல இப்படின்னு தெரியுமா?”

“ஏன் தெரியாம? குழாயடியில நிக்கற அத்தனை பேரும் சொல்லுவாளே” என்றாள். விரல்விட்டுச் சொல்லிக்கொண்டே போனாள். சந்தின் இரு பக்கமும் அவளோடு போய்ப் பார்த்தேன். எட்டு வீடுகள். எட்டிலும் பள்ளிக்கூடத்துக்கு வரும் பிள்ளைகள் இருவர், வெளியே போட்டுக்கொண்டு வரத் துணி ஒன்று. சட்டை, கவுன், ஒரு வீட்டில் அப்பாவின் பழைய பனியன். அந்த ஐந்து பேரும் அந்த வீடுகளில்தான் இருந்தார்கள்.

ஆளுக்கு வருகை 0.5. நூற்றுக்கு ஐம்பது. மாதக்கணக்காக நாங்கள் எண்ணிக்கொண்டிருந்தது பிள்ளைகளை அல்ல, துணிகளை. பதினாறு பெயர்களில் எட்டுப் பேருக்குத் துணி கிடைத்தால் நாற்பத்து நாலோடு எட்டைக் கூட்டிக்கொள்ளலாம். ஐம்பத்திரண்டு. எழுபத்தெட்டால் வகுத்தால் 0.67. நூற்றுக்கு அறுபத்தேழு. யார் பெயரையும் வெட்ட வேண்டியதில்லை.

துணிக்கடைக்குப் போனேன். முதலாளி காலியான அலமாரிகளுக்கு முன்னால் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார்.

“எட்டு உருப்படிக்குத் துணி வேணும்.”

“என் கடையில தொடைச்சுக்கத் துண்டு கெடையாது டீச்சரம்மா. வேணும்னா உள்ள போய்ப் பாருங்க.”

உள்ளே போகவில்லை. அவர் வீட்டுப் பரணில் எதையோ ஒளித்து வைத்திருப்பதாகத் தெருவில் பேச்சு உண்டு. நான் பார்த்ததில்லை, அதனால் அதைப் பற்றி எழுத என்னிடம் ஒன்றுமில்லை. கதையை முழுவதும் சொன்னேன். பச்சைக் கவுனைப் பற்றிச் சொன்னபோது விசிறி நின்றது.

“இந்த வட்டாரத்துல வெள்ளைத் துணின்னு இருந்தா அது ஒரே எடத்துலதான் இருக்கு” என்றார். “ஒங்க பள்ளிக்கூட அலமாரியில.”

சொல்லிவிட்டு, தான் சொன்னது என்னவென்று புரிந்து எழுந்து நின்றுவிட்டார். “நான் ஒண்ணும் சொல்லல. நீங்க ஒண்ணும் கேக்கல.”

அடுத்து வரவிருந்த சக்கரவர்த்தி பிறந்தநாள் ஊர்வலத்துக்காக எங்கள் பள்ளிக்கு ஒரு கட்டு வெள்ளைத் துணி கொடுத்திருந்தார்கள். பிள்ளைக்கு ஒரு கொடி வீதம் கத்தரித்து, நடுவில் சிவப்பு வட்டம் போட வேண்டும். போருக்குப் பிறகு அவ்வளவு துணியை மொத்தமாக நான் பார்த்தது அப்போதுதான். கொடிக்கு வந்த துணியில் கை வைப்பது எப்படிப்பட்ட குற்றம் என்று யாரும் எனக்கு விளக்க வேண்டியதில்லை. அதைவிடச் சின்னக் காரியங்களுக்கு விசாரணைக்குப் போனவர்கள் எங்கள் தெருவிலேயே இருந்தார்கள். திரும்பி வராதவர்களும் இருந்தார்கள்.

அலமாரிச் சாவி தலைமையாசிரியரிடம் இருந்தது. அவரிடம் நேராகச் சொன்னேன். அவர் முகம் வெளுத்தது.

“உமக்குப் பைத்தியமே? கொடித் துணி, பிள்ளை! தலை போகும்.”

“துணி இல்லாம பிள்ளைங்க வரமாட்டாங்க சார். பிள்ளைங்க வராம பள்ளிக்கூடம் இருக்காது. பள்ளிக்கூடமே இல்லாட்டி கொடியை யாரு புடிப்பாங்க?”

அவர் கழுத்துப் பொத்தானைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

“எவ்வளவு வரும்?”

“தைச்சு முடிக்க ஒரு வாரம் போயிடும். அந்த வாரத்தையும் சேர்த்துப் பாத்தாலும் அறுபதைத் தாண்டும்.”

சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார். “நான் கீரைப் பாத்தியைப் பாத்திட்டு வாறன்” என்று சொல்லிவிட்டு வெளியே போனார். போனவர் நான் துணிக் கட்டைத் தூக்கிக்கொண்டு சந்து முனையைத் தாண்டும்வரை திரும்பி வரவில்லை.

வெட்டியது துணிக்கடை முதலாளி. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்த புதிதில் அவர் ஒரு தையல் கடையில் துணி வெட்டுகிறவராக இருந்தாராம். முன்பலகைகளில் பாதியைச் சாத்திவிட்டு, கோடு போட்டு, ஒரு விரல் அகலம்கூட வீணாகாமல் எட்டு உருப்படிகளை எடுத்தார். “நூத்துக்கு நூறு, பாத்துக்குங்க டீச்சரம்மா” என்று ஒட்டுத்துணியே இல்லாத தரையைக் காட்டினார். சரியாகத்தான் சொன்னார். தைத்தவர்கள் அந்த எட்டு அம்மாக்கள். நூல் கிடைக்காமல் பழைய மாவுச் சாக்கிலிருந்து உருவி எடுத்தார்கள். சாயம் தேடினோம், கிடைக்கவில்லை. ஆகவே எல்லாம் வெள்ளையாகவே இருந்தன.

கொடிகளைக் காகிதத்தில் செய்தோம். எழுதித் தீர்ந்த கணக்குத் தாள்களை இரண்டிரண்டாக மரவள்ளிப் பசையால் ஒட்டி, கஞ்சித் தண்ணீரில் குங்குமத்தைக் குழைத்து நடுவில் வட்டம் போட்டோம்.

இரண்டாவது வாரத்திலிருந்து பெரியவளும் சின்னவளும் சேர்ந்து வந்தார்கள். சராசரி ஐம்பத்தொன்றுக்கு ஏறி அங்கேயே நின்றது. காய்ச்சலில் படுத்தவர்களைக் கழித்து அவ்வளவு. மாதம் முழுவதற்கும் கணக்குப் போட்டபோது 0.63 வந்தது.

அதிகாரி ஒரு காலையில் வந்தார். வயது முப்பதுக்குள் இருக்கும். சுத்தமான பூட்ஸ். கூட ஒரு மொழிபெயர்ப்பாளர், முன்பு கப்பல் கம்பெனியில் வேலை பார்த்த நம்மவர். அதிகாரி பதிவேட்டைப் புரட்டினார், வகுப்பில் இருந்த தலைகளை எண்ணினார், பிறகு என்னைக் கரும்பலகைக்குப் போகச் சொன்னார். நான் 0.63 என்று எழுதி, பக்கத்தில் 63% என்று எழுதினேன்.

அவர் ஏதோ சொன்னார். மொழிபெயர்ப்பாளர் குரலைத் தாழ்த்தினார்.

“மத்த பள்ளிக்கூடத்துலல்லாம் தொண்ணூறு காட்டுறாங்களாம். இங்க ஏன் இவ்வளவு கொறச்சல்னு கேக்குறாரு. நல்லதா ஏதாச்சும் சொல்லுங்கம்மா. நானும் வீடு போய்ச் சேரணும்.”

அந்தத் தொண்ணூறு எப்படி வந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். சொன்னால் அங்கே மாட்டிக்கொள்வது என்னைப் போன்ற இன்னொரு ஆசிரியராக இருக்கும்.

“கேட்டது அறுபது. இருக்கறது அறுபத்து மூணு. அவ்வளவுதான் சொல்லுங்க.”

சொன்னார். அதிகாரி தலையை ஆட்டிவிட்டுக் கொடிகளைக் காட்டச் சொன்னார். தலைமையாசிரியர் காகிதக் கொடிக் கட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். அதிகாரி ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். சிவப்பு வட்டத்துக்குப் பின்னால் யாரோ ஒரு பிள்ளையின் பெருக்கல் கணக்கு தெரிந்தது.

துணி எங்கே என்று கேட்டார். மொழிபெயர்க்காமலே அது எங்களுக்கு விளங்கியது.

“பிள்ளைங்க போட்டிருக்காங்க” என்றேன்.

மொழிபெயர்ப்பாளர் என்னைப் பார்த்து, “நெசமாவே அதச் சொல்லணுமாம்மா?” என்றார்.

“சொல்லுங்க.”

சொன்னார். அதிகாரி வரிசைக்குள் நடந்து போய் ஒரு வெள்ளைச் சட்டையின் கையை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார். பிள்ளை அசையவில்லை. அவர் திரும்பிச் சொன்னது சின்ன வாக்கியம்.

“எல்லாத்தையும் இப்பவே கழட்டிக் கட்டச் சொல்றாரு.”

நான் சுண்ணாம்புக் கட்டியை எடுத்து 63க்குக் கீழே 56 என்று எழுதினேன்.

“கழட்டலாம். கழட்டினா நாளையிலேருந்து இது. இது அறுபதுக்குக் கீழே, அவங்க உத்தரவுப்படி பள்ளிக்கூடத்த மூடணும். கேட்ட எண்ணைக் குடுத்த பள்ளிக்கூடத்தத் தன் கையால மூடினேன்னு மேலிடத்துக்கு எழுத வேண்டியவர் அவர்தான். இந்த ரெண்டுல எதை எழுதப் போறாருன்னு கேளுங்க.”

மொழிபெயர்ப்பாளர் இதை எவ்வளவு சொன்னார், எவ்வளவு விட்டார் என்று எனக்குத் தெரியாது. பேசும்போது அவர் கை இரண்டு எண்களையும் மாறி மாறிக் காட்டியது. அதிகாரி பலகையைப் பார்த்தார். பிறகு தலைமையாசிரியரின் முன்னால் போய் நின்று, ஓங்கி ஓர் அறை விட்டார்.

பொறுப்பாளர் அவர் என்பதால் இருக்கலாம். கண்ணாடி பறந்துபோய் முதல் வரிசையில் விழுந்தது.  தலைமையாசிரியர் குனிந்து, தரையைத் தடவிக் கண்ணாடியை எடுத்து, துடைத்து மாட்டிக்கொண்டார். சாவியை மேசைமேல் வைத்துவிட்டு நழுவிப் போன மனிதர், இப்போது என்மேல் பழியைப் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்வார் என்றுதான் நினைத்தேன். ஒதுங்கியிருந்தால் அவரை யாரும் குறை சொல்லியிருக்க முடியாது.

அவர் மொழிபெயர்ப்பாளரைப் பார்த்தார். “சாவி தந்தது நான். அதையும் சொல்லும். துணி கழட்டேலாது. எண் அறுபத்து மூண்டு. கேட்டது அறுபது.”

“ஐயா, போதும்யா” என்றார் மொழிபெயர்ப்பாளர்.

“அறுபத்து மூண்டு எண்டு சொல்லும்.”

அந்த ஓர் எண்ணை மட்டும் அவர் சொன்னார் என்று நினைக்கிறேன். ஜப்பானிய எண்கள் பள்ளிக்கூடத்தில் எங்களுக்கும் பழகிப்போயிருந்தன. அதிகாரி இன்னும் சிறிது நேரம் பலகையைப் பார்த்தபடி நின்றார். அந்த இடைவெளியில் அவர் மனத்தில் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியாது, கற்பனை செய்யவும் விரும்பவில்லை. பதிவேட்டை வாங்கினார். 63 என்று இருந்த இடத்தில் தன் முத்திரையை அழுத்தினார். அதை மேசைமேல் போட்டுவிட்டு வெளியேறினார். மொழிபெயர்ப்பாளர் வாசலில் ஒரு கணம் நின்று, “பெரிய ஆளுங்கதாம்மா நீங்க ரெண்டு பேரும்” என்று முணுமுணுத்துவிட்டு ஓடினார்.

பள்ளிக்கூடம் மூடப்படவில்லை. அந்த மாதத்து அரிசி எழுபத்தெட்டுப் பேருக்கும் வந்தது. வந்த அன்றைக்குத் தலைமையாசிரியர் கழுத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டு வாசலில் போய் நின்றார். நடக்க முடியாமல் படுத்திருக்கும் பிள்ளைகளின் கஞ்சியை அவரவர் வீட்டார் வந்து வாங்கிக்கொண்டு போகலாம் என்று சந்து முழுவதும் கேட்கும்படி அறிவித்தார். அலுவலக விதியில் அதற்கு இடமில்லை. முதலில் பச்சைக் கவுன் வீட்டுக்காரி, பக்கத்து அறைப் பையனுக்காகத் தகரக் குவளையோடு வந்தாள். அவர் விலகி வழிவிட்டார்.